படகு எஞ்சினின் வெப்ப எச்சரிக்கை: காணாமற்போன ஒரு ரப்பர் இதழ்

கரையிலிருந்து புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில், என் படகின் பின்புறம் வெளியே பொருத்திய அவுட்போர்டு எஞ்சின் இடைவிடாமல் எச்சரிக்கை ஒலி எழுப்பியதோடு, தன் வேகத்தைத் தானாகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,000 சுழற்சிக்குக் குறைத்துக்கொண்டது. த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் வேகம் ஏறவில்லை. சூடு மிகும்போது எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளவே இவ்வாறு செய்கிறது என்பதால், அதை வற்புறுத்தாமல் அணைத்துவிட்டேன்.

எஞ்சினைக் குளிர்விக்க நீரை உள்ளிழுக்கும் துளைகளில் பாசியோ பிளாஸ்டிக் பையோ இல்லை. பின்புறம் பீய்ச்சும் நீர்த்தாரை மட்டும் மெலிந்திருந்தது. அதன் வாயைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தும் பயனில்லாததால், கீழ்ப்பகுதியைக் கழற்றி நீர்ப்பம்பைத் திறந்தேன். அதில் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்களில் ஒன்று முறிந்து காணாமற்போயிருந்தது.

புதிய இம்பெல்லரைப் பொருத்தியதும் தாரை வலுத்தது. ஆனால் வேகத்தைக் கூட்டியவுடன் மீண்டும் அதே ஒலி. முறிந்த இதழ் எங்கே போயிற்று என்று தேடாமல் விட்டது என் தவறுதான். அதனால் ஒரு நாள் முழுவதும் வீணாயிற்று. சூடேறியதும் திறந்து குளிர்விக்கும் நீரை ஓடவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் உறையைத் திறந்தபோது அந்தத் துண்டு உப்புப் படிவோடு அங்கே சிக்கியிருந்தது. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, வெப்பமானியுடன் சூடாகும் நீரில் தொங்கவிட்டேன்; அதில் பொறித்திருந்த 60 டிகிரியைக் கடந்து 75 ஆகியும் அது பாதிகூடத் திறக்கவில்லை. அதையும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் மாற்றி, நீர்ப்பாதையை நன்னீரால் கழுவிய பின், முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டியும் ஒலி எழவில்லை.