நுழைவுத் தேர்வு இல்லாத சட்டப்படிப்புக்கு எப்படித் தயாராவது?

தமிழ்நாட்டில் பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேர நுழைவுத் தேர்வு கிடையாது. இதைச் சொன்னதும் யோசனை கேட்டு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை உடனே கெடுப்பது என் வழக்கம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் உங்கள் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறது. ஆகவே முதல் செமஸ்டரில் "பாஸானால் போதும்" என்று எழுதிய தாளும் உங்கள் நுழைவுத் தேர்வில் சேர்ந்துவிட்டது. சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் ஆண்டில் வந்தால் நல்லது. முதலாம் ஆண்டிலேயே வந்தால் இன்னும் நல்லது.

சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி பட்டத்தில் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. இதைப் பார்த்துவிட்டு "எனக்கு ஐம்பத்திரண்டு இருக்கிறது, சீட்டு உறுதி" என்று வருபவர்கள் உண்டு. அந்த எண் விண்ணப்பிக்கும் உரிமையை மட்டுமே தரும். அரசுச் சட்டக் கல்லூரிக் கட்டணம் மிகவும் குறைவு. அதனால்தான் கூட்டம் அங்கே குவிகிறது, கட்-ஆஃப் ஏறுகிறது. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் கட்-ஆஃப். பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியில் சேர்வதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணே மேலே சொன்ன 45-ஐவிட அதிகம். அதற்கு விண்ணப்பமும் தனி. அரசுச் சட்டக் கல்லூரிகள் போன்ற இணைவுக் கல்லூரிகளுக்குப் போட்ட விண்ணப்பம் அங்கே செல்லாது. இரண்டும் வேண்டுமானால் இரண்டுக்கும் போடுங்கள்.

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாலும் சேரலாம். நானே வேதியியல் படித்துவிட்டு வந்தவள். அரசியல் அறிவியல் படித்தால் சட்டம் எளிது என்று மாமாக்கள் சொல்வதைக் கேட்டுப் பிடிக்காத பாடத்தில் சேராதீர்கள். பிடித்த பாடத்தில்தான் மதிப்பெண் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முறையாக இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களைப் பார் கவுன்சில் விதி ஏற்பதில்லை.

அரியர் இருந்தால் கடைசி செமஸ்டர் வரை இழுக்காதீர்கள். விண்ணப்பம் திறந்திருக்கும்போது உங்கள் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையில் வரவில்லையென்றால் ஓர் ஆண்டு போய்விடும். கடைசி செமஸ்டரில் ஒரு தாள் மட்டும் தவறியவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் உடனடித் தேர்வு வைக்கின்றன. தேர்வு முடிவு வந்த அன்றே துறைத் தலைவரைப் பார்த்து விசாரியுங்கள். அதற்குப் பணம் கட்டும் நாட்கள் மிகக் குறைவு, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இனி சான்றிதழ்கள். இங்கேதான் நான் அதிகம் பேசுவேன், ஏனென்றால் நன்றாகப் படித்த பிள்ளைகளும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் நான்கையும் மேசையில் பரப்புங்கள். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒன்றே போதும், கெடுத்துவிடும்: ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றில் அப்பாவின் இனிஷியல், இன்னொன்றில் அம்மாவுடையதும் சேர்ந்து இரண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். இதை மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே செய்யுங்கள். கல்லூரி அலுவலகத்தில் உங்களைத் தெரிந்த எழுத்தர் இருக்கும்போதே வேலை எளிதாக முடியும். இப்போது விட்டால் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதியும் நாளில் இதே இனிஷியல் மறுபடி எதிரே வந்து நிற்கும்.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து மின்னணுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், தொகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தை ஏற்றிவிட்டு அதிகாரிகளைத் திட்டாதீர்கள். பட்ட மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று விளக்கக் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள், சி.ஜி.பி.ஏ.வைப் பத்தால் பெருக்கி நீங்களாக ஓர் எண்ணைப் போடாமல் அதைப் படித்துவிட்டு நிரப்புங்கள்.

வெளி மாநிலத்துக்குப் போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம். கிளாட் தேர்வுக்குத் தயாராகிறேன் என்று மூன்றாம் ஆண்டு மாணவர் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன். அது பிளஸ் டூ முடித்தவர்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கும் சட்ட முதுகலைக்கும் உரிய தேர்வு. பட்டதாரிகளுக்கு பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 2022-இல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது. அதற்கு என்.எல்.சாட் என்று தனித் தேர்வு. பத்தி வாசிப்பும் தர்க்கமும் மட்டுமல்லாமல் விரிவாக எழுதவும் வேண்டும். ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் போகும். டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் சி.யு.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவை எழுத வேண்டும். டெல்லியில் கட்டணம் குறைவு, தங்கும் செலவுதான் உதைக்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் கவனிக்க: அங்கே நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் எடுபடாது. மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தோர் பிரிவில், இல்லை என்ற ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

"வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று வெளி மாநிலத்தில் இடம் வாங்கித் தருவதாகத் தரகர் வருவார். நீதிமன்ற வளாகத்தில் அதை லெட்டர் பேடு கல்லூரி என்போம். பார் கவுன்சில் விதி ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை கேட்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கிய பட்டத்தை வைத்து கோட்டு மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாய்தா வாங்குவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. உங்கள் அப்பாவின் பணத்தை அந்தத் தரகருக்குக் கொடுக்காதீர்கள்.

படிப்பதற்கு என்ன? கோச்சிங் வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தைத் தமிழும் ஆங்கிலமுமாகப் பக்கத்தில் வைத்து நாளுக்குச் சில உறுப்புகள் படியுங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழ், உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். இரண்டும் வராமல் இந்தத் தொழில் நடக்காது. முதலில் படிக்கும் தீர்ப்பாக நான் சொல்வது 1951-இன் செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்து வகுப்புவாரி அரசாணை கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களையும் சாதி மத வாரியாகப் பிரித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தில் சாதி கேட்கும் கட்டத்தின் வரலாறு அதில் இருக்கிறது. தீர்ப்பும் சிறியது. இன்னொரு வேடிக்கை: அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை, எப்படியும் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நேரே வழக்குப் போட்டுவிட்டார். நீதிபதிகளே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டு வழக்குக்கு வாருங்கள்.

நீதிமன்றத்தைப் போய்ப் பாருங்கள். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது. கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம். ஆனால் மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, உங்கள் கோடை விடுமுறையும் அப்போதுதான். மேஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும், அங்கே போங்கள். வாதம் சினிமாவில் போல இருக்காது. சாட்சி வரவில்லை, வாரண்டு திரும்பவில்லை, அடுத்த வாய்தா என்று ஒரு முற்பகல் கழியும். அதைப் பார்த்த பிறகும் மறுநாள் போகத் தோன்றினால் விண்ணப்பம் போடுங்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பெயரைப் பார்க்காமல் வரைபடத்தைப் பாருங்கள். சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருக்கிறது என்று இன்னும் பெற்றோர் நம்புகிறார்கள். 2018-லேயே அது நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. வகுப்பு முடிந்து சீனியர் அலுவலகத்துக்குப் போக முடியுமா, வீட்டிலிருந்து பஸ் இருக்கிறதா, விடுதி உண்டா என்பவைதான் கேள்விகள். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை அல்லது நெல்லை என்பேன். உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் இருப்பது பெரிய வசதி.

இடம் கிடைத்ததும் அண்ணன்மார் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் குற்றவியல் சட்டங்களை மட்டும் புதிதாக வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கூடவே மாறிவிட்டன. பழையவற்றையும் எடைக்குப் போட வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களின் வழக்குகள் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளில்தான் நடக்கின்றன, நீங்கள் ஜூனியராகச் சேரும்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும்.