வீட்டு வைஃபையில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு: ரேடியஸ் சர்வர் அமைக்கும் முறை

மாடி போர்ஷனில் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்கிறார். அவருக்குக் கொடுத்திருந்த வைஃபை பாஸ்வேர்டை என்ன செய்வது? மாற்றினால் வீட்டில் உள்ள எல்லா போனிலும், லேப்டாப்பிலும், டிவியிலும் புதிதாகப் போட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் பொது பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், இன்னொருவரின் போன் இணையும் நேரத்தில் பரிமாறப்படும் தகவலைப் பிடித்துவிட்டால், அந்த போனின் வைஃபை போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க முடியும்.

அலுவலகங்களில் இதற்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் இருக்கும் எடுரோம் வைஃபையும் இதே ஏற்பாடுதான். இதை வீட்டிலும் செய்யலாம். லினக்ஸ் டெர்மினலில் ஒரு கோப்பைத் திறந்து திருத்தத் தெரிந்தால் போதும்.

எப்படி வேலை செய்கிறது

போன் தன் பெயரைச் சொல்லி ரவுட்டரிடம் வருகிறது. ரவுட்டருக்கு யாருடைய பாஸ்வேர்டும் தெரியாது. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் இண்டர்காமில் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு ஆளை உள்ளே விடுவது போல, அது பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைக் கேட்கிறது. சர்வர் 'சரி' என்றால் கதவு திறக்கும். இந்தப் பேச்சு யுடிபி 1812 என்ற போர்ட்டில் நடக்கும். பழைய குறிப்புகள் சிலவற்றில் 1645 என்று இருக்கும், அதைப் பின்பற்ற வேண்டாம்.

வாங்கும் முன் பாருங்கள்

ரவுட்டரின் வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கத்தில் 'டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ்' என்ற தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைப்புக் கொடுத்த நிறுவனம் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. அப்போது அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைக்க வேண்டியிருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருள்) போட்ட ரவுட்டர் என்றால், அதில் வரும் 'டபிள்யூபேட்-பேசிக்' பேக்கேஜை எடுத்துவிட்டு முழு 'டபிள்யூபேட்' பேக்கேஜைப் போடுங்கள். பேசிக்கில் எண்டர்பிரைஸ் வசதி கிடையாது.

சர்வருக்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும், பழைய மாடலே தாராளம். இனி 'பை' என்றால் இதுதான். அதை ரவுட்டருடன் கேபிளில் இணைக்க வேண்டும். வைஃபைக்கு அனுமதி கொடுக்கும் கருவியே வைஃபையை நம்பி நிற்கக் கூடாது. அப்புறம், ரவுட்டரில் ஐபி முகவரிகளை ஒதுக்கும் டிஹெச்சிபி பகுதியில் அதற்கு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள். இங்கே 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

சர்வரை நிறுவுதல்

பையில் ஆப்ட் வழியாக 'ஃப்ரீரேடியஸ்' (இதுதான் ரேடியஸ் சர்வர் மென்பொருள்), 'ஃப்ரீரேடியஸ்-யூட்டில்ஸ்' இரண்டையும் நிறுவுங்கள். அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஈடிசி போல்டரில் ஃப்ரீரேடியஸ், அதற்குள் 3.0 என்ற இடத்தில் இருக்கும். நாம் தொடப்போவது மூன்றே கோப்புகள்.

முதலாவது 'யூசர்ஸ்'. அதில் பாப் என்ற பெயரில் ஒரு மாதிரி வரி, முன்னால் ஹாஷ் குறியோடு இருக்கும். அதே அமைப்பில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். பாஸ்வேர்டு இந்தக் கோப்பில் அப்படியே எழுத்தாக இருக்கும். அதனால் பேங்க்குக்கும் மெயிலுக்கும் வைத்திருக்கும் பாஸ்வேர்டை இங்கே யாரும் போடக் கூடாது, வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒருவரை நீக்க அவருடைய வரியை அழித்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஏற்கெனவே இணைப்பில் இருக்கும் போன் அதனால் உடனே துண்டிக்கப்படாது, ரவுட்டரின் வைஃபையையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இரண்டாவது 'கிளையன்ட்ஸ்'. பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், இங்கே கிளையன்ட் என்பது ரவுட்டர்தான், போன் இல்லை. ரவுட்டரின் ஐபியையும் ஒரு 'சீக்ரெட்'டையும், அதாவது ரவுட்டருக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லையும், இதில் எழுத வேண்டும். சீக்ரெட்டை நீளமாக, எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து வையுங்கள். சிறப்புக் குறிகளைச் சில ரவுட்டர்கள் ஏற்பதில்லை.

மூன்றாவது 'ஈஏபி'. போனும் சர்வரும் எந்த முறையில் அடையாளம் சரிபார்ப்பது என்பது இதில்தான் இருக்கும். அதன் தொடக்கத்தில் முறை எம்டி5 என்று இருக்கும், அதை 'பீப்' (peap) என்று மாற்றுங்கள்.

சான்றிதழ்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

பல விளக்கங்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை, முழு ஏற்பாட்டின் பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. உங்கள் வைஃபை பெயரையே வைத்து யாரோ ஒருவர் பக்கத்தில் ஒரு போலி ரவுட்டரைப் போட்டால், போன் அதனிடமும் போய் அடையாளம் சொல்லத் தொடங்கும். 'பீப்' முறைக்குள் ஓடும் எம்எஸ்சாப்வி2 என்ற பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை பழையது. பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும், அந்தப் பரிமாற்றத்தை உடைப்பது டெஸ் என்ற பழைய குறியாக்க முறையின் ஒரே ஒரு சாவியை உடைக்கும் வேலைதான் என்று 2012 டெஃப்கான் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டினார்கள். போன் சர்வரின் சான்றிதழை, அதாவது அதன் டிஜிட்டல் அடையாள அட்டையை, சரிபார்த்த பிறகே பாஸ்வேர்டு பற்றிப் பேசத் தொடங்கினால் போலி ரவுட்டருக்கு அதைப் பற்றி எதுவும் கிடைக்காது.

3.0 போல்டரில் 'செர்ட்ஸ்' என்று ஒரு உள்போல்டர் உண்டு. அதில் சிஏ (சர்வரின் சான்றிதழுக்குக் கையெழுத்திடும் தலைமைச் சான்றிதழ்), சர்வர் என்று இரண்டு சிஎன்எஃப் கோப்புகள் இருக்கும். இரண்டிலும் செல்லுபடி 60 நாள் என்று போட்டிருப்பார்கள். அப்படியே விட்டால் இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வீட்டில் எந்த போனும் இணையாது, காரணமும் சட்டென்று பிடிபடாது. சிஏவுக்கு 3650, சர்வருக்கு 730 என்று மாற்றி, முடியும் தேதியை காலண்டரில் குறித்துவிடுங்கள். 'வாட்எவர்' என்றிருக்கும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். சர்வரின் பெயர் 'ஹோம்.ஆர்பா' என்று முடியட்டும், வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018-ல் ஒதுக்கிய பெயர் அது. நம் உதாரணத்துக்கு ரேடியஸ்.ஹோம்.ஆர்பா. மாற்றுப்பெயர் எழுதும் இடம் இருந்தால் அங்கும் இதையே எழுதுங்கள்.

பையின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அந்தப் போல்டரில் 'மேக்' கட்டளையைக் கொடுத்தால் சான்றிதழ்கள் உருவாகும். அவை ரூட் பெயரில் உருவாவதால், ஃப்ரீரேடியஸ் ஓடும் 'ஃப்ரீரேட்' குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுங்கள். பிறகு ஈஏபி கோப்பில் 'ஸ்நேக்ஆயில்' என்று இருக்கும் இடங்களில் புதிய சான்றிதழ்களைக் காட்டி, சாவியின் பாஸ்வேர்டையும் எழுதுங்கள்.

சோதனை

சர்வீஸை நிறுத்திவிட்டு, ஃப்ரீரேடியஸை பெரிய எழுத்து எக்ஸ் தேர்வோடு கையால் ஓட்டுங்கள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடி, கடைசியில் 'ரெடி டு ப்ராசஸ் ரிக்வெஸ்ட்ஸ்' என்று நின்றால் கோப்புகள் சரி. நடுவில் நின்றுவிட்டால் எந்தக் கோப்பில், எந்த வரியில் தவறு என்று அதுவே சொல்லும். இன்னொரு டெர்மினலில் 'ராட்டெஸ்ட்' கருவியில் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பாருங்கள். அதே பைக்குள் சோதிக்கும்போது சீக்ரெட் 'டெஸ்டிங்123' என்று முன்பே இருக்கும். 'ஆக்சஸ்-அக்செப்ட்' வந்தால் பயனர் பட்டியல் வேலை செய்கிறது.

அடுத்து ரவுட்டரில் டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸைத் தேர்ந்து, சர்வர் ஐபி 192.168.1.50, போர்ட் 1812, அதே சீக்ரெட். சேமித்தால் முடிந்தது.

போனில்

சிஏ சான்றிதழை போனுக்கு அனுப்பி, ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் வைஃபை சான்றிதழாக நிறுவுங்கள். நெட்வொர்க்கைத் தொட்டதும் வரும் பெட்டியில் முறை பீப், இரண்டாம் கட்டம் எம்எஸ்சாப்வி2, சிஏ இடத்தில் நீங்கள் நிறுவியது, டொமைன் இடத்தில் ரேடியஸ்.ஹோம்.ஆர்பா. 'ஐடென்டிட்டி' என்பது யூசர்ஸ் கோப்பில் உள்ள பெயர். ஆண்ட்ராய்டு 11-க்குப் பின் பல போன்களில் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வையே எடுத்துவிட்டார்கள், நல்ல முடிவு. ஐபோன் சான்றிதழைக் காட்டி 'ட்ரஸ்ட்' கேட்கும். பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

போன் இணையவில்லை என்றால் டெர்மினல் திரையைப் பாருங்கள். எதுவுமே ஓடவில்லையென்றால் ரவுட்டரின் கேள்வி சர்வருக்கு வந்து சேரவில்லை: ஐபி தவறு, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. 'அன்நோன் கிளையன்ட்' என்று வந்தால் கிளையன்ட்ஸ் கோப்பில் ரவுட்டரின் ஐபி தவறு. 'ஷேர்டு சீக்ரெட்' பற்றிப் புகார் வந்தால் இரு பக்கமும் எழுதியது ஒன்றாக இல்லை. எல்லாம் சரியானதும் இந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு சர்வீஸாகத் தொடங்குங்கள்.

டிவி, பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு போன்றவற்றில் பலவற்றுக்கு எண்டர்பிரைஸ் இணைப்பு தெரியாது. அவற்றுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கில் சாதாரண பாஸ்வேர்டு வைத்து, வீட்டு நெட்வொர்க்கைத் தொட முடியாதபடி பிரித்துவிடுங்கள்.

பை அணைந்திருந்தால் புதிதாக யாரும் இணைய முடியாது. அதனால் கரண்ட் போகும் ஊர்களில் ரவுட்டரோடு பையையும் சேர்த்து யுபிஎஸ்ஸில் போடுங்கள். கரண்ட் வந்ததும் சர்வீஸ் தானாகத் தொடங்கும்படி 'எனேபிள்' செய்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டி கார்டு எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம், 3.0 போல்டரின் நகல் ஒன்றை பென்டிரைவில் எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.