மர்ம நாவல் கூட்டம்: வாசகர் வாயைக் கிளறுவது எப்படி?

ஒரே நாவலை எல்லாரும் படித்துப் பேசும் கூட்டத்துக்கு ஆறேழு பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். 300 பக்க நாவலென்றால் 100, 220 ஆகிய பக்கங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய இடத்தில் துண்டுச்சீட்டில் இரண்டே வரி: யார் மேல் சந்தேகம், எந்தப் பக்கத்தில் வயிறு கலங்கியது. மடித்துச் சம்படத்தில் போட்டு மூடிவிடுங்கள். முடிவு தெரிந்தபின் கேட்டால் எல்லாரும் "அப்பவே நினைச்சேன்" என்பார்கள்.

பழைய மாளிகை, இருட்டு, அச்சம் என்று மெல்ல நகரும் கோதிக் கதைக்கு "ஒண்ணுமே நடக்கல, ஒரே இழுவை" என்ற புலம்பல் கண்டிப்பாக வரும். சொல்பவர் துப்பறியும் கதையை எதிர்பார்த்து வந்தவர். முதல் கோதிக் நாவலாகச் சொல்லப்படுவது 1764-இல் வந்தது. அன்றுதொட்டு இவ்வகையில் கட்டடமும் ஒரு பாத்திரம். விளக்கிக்கொண்டிருக்காமல் அவரைச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டின் முன் நிறுத்துங்கள். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று பின்தெருவரை நீளும் வீடு. தேக்குக் கதவில் துருவேறிய பூட்டு. உள்ளே யார் என்ற கேள்வி தானாக வரும்.

சிற்றூர் மர்மத்துக்குக் கேள்வியே வேறு: ஊரில் யாருக்கு எது முன்பே தெரியும்? பட்டியல் போடச் சொல்லுங்கள். நம்மூர்க்காரர்களுக்கு இது கைவந்த கலை.

கடைசி நாளில் சம்படத்தைத் திறங்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர் என்றால் தடயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஒன்றிலும் இல்லையென்றால், தடயம் இருந்ததா என்று திரும்பப் புரட்டவேண்டும்.