காலம் தாண்டும் அடிமுறைக்காரி: இப்படி ஒரு கதை எழுதுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்ச் சண்டைக்கலையான அடிமுறை சொல்லிக்கொடுக்கிறேன். அதில் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கதை எழுதிக்கொண்டு வந்து காட்டுவார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான்: அடிமுறை படித்த சின்னப் பெண் ஒருத்தி காலத்தைத் தாண்டிப் போய் உலகத்து வீரர்களோடு எல்லாம் மோதுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆனால் போன இடத்தில் எல்லாம் அவளே ஜெயித்துவிட்டால் மூன்றாவது அத்தியாயத்தில் வாசிப்பவருக்குத் தூக்கம் வந்துவிடும். இதை நன்றாக எழுத நினைக்கிற எல்லோருக்கும் என் யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலில் அவள் உடம்புக்கு என்னென்ன தெரியும் என்று முடிவு செய்யுங்கள். ஜெபா என்று பெயர் வைப்போம். வயது பதினான்கு, ஊர் தக்கலை. நாலு வருடம் களரிக்குப் போனவள் என்றால் ஒற்றைச்சுவடு என்கிற கால்வைப்புப் பயிற்சி ஒழுங்காக வரும், எதிராளியை மடக்கும் சில பூட்டுகள் தெரியும், நெடுவடி என்கிற நீளக் கோல் பிடிக்கத் தெரியும். அவ்வளவு போதும். வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைகளைத் தாக்கும் வித்தை, தெரியும் என்று எழுதாதீர்கள். 108 வர்மத்தில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று அவளால் ஒப்பிக்க முடியும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆசானும் படுவர்மத்தைக் கையில் கொடுக்கமாட்டார். அவள் பார்த்திருக்கக்கூடியது, வர்மம் பட்டவனைத் தெளிய வைக்கும் இளக்குமுறையை. மயங்கி விழுந்தவனின் காதில் ஆசான் சுக்கை மென்று ஊதுவார், அவன் கண் திறப்பான். அதை எழுதுங்கள். எந்த இடத்தில், எந்த விரலால், எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் கதையில் எழுதவே கூடாது. பிள்ளைகள் வாசித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனிடம் செய்து பார்ப்பார்கள்.

அடுத்தது, காலம் தாண்டும் வழி. பழைய ஓலைச்சுவடி, மின்னல், பேசும் சிலை எல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நான் சொல்லும் வழி இது: சுவடுதான் வாசல். ஒற்றைச்சுவடில் கடைசிக் காலைச் சரியான இடத்தில், சரியான எடையோடு வைத்தால் அந்தக் கால் வேறு மண்ணில் போய் இறங்கும். எடை தவறினால் தக்கலையிலேயே நிற்பாள். திரும்பி வரவேண்டுமானால் போன இடத்துக் கால்வைப்பைக் கற்றே ஆகவேண்டும். இப்படி வைத்துவிட்டால் பயிற்சியே கதையை நகர்த்தும்; தனியாக ஒரு மந்திரவாதி தேவைப்படாது. இன்னொரு சட்டமும் போடுங்கள்: ஒரு காலத்தில் பட்ட காயம் அடுத்த காலத்திலும் இருக்கும். மணிக்கட்டு சுளுக்கியது என்றால் அடுத்த மூன்று அத்தியாயத்துக்கு அவள் இடக்கையால்தான் கோல் பிடிக்க வேண்டும். எழுதும்போதே உங்களுக்குப் புதுப்புது வழிகள் தோன்றும்.

முதல் பயணம் பக்கத்திலேயே இருக்கட்டும். 1741 ஆகஸ்ட் 10, குளச்சல். மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நாள். பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், 1777இல் இறந்தார், கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. எழுதும் முன் ஒருமுறை அங்கே போய்விட்டு வாருங்கள். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் கடற்கரைச் சண்டையைத்தான் எழுதுவார்கள். எனக்கு அதைவிட அதற்குப் பின்னால் நடந்த பயிற்சிதான் முக்கியம். தனித்தனியாக வாள் வீசிப் பழகியவர்கள் வரிசையில் நின்று துப்பாக்கி தூக்குகிறார்கள். ஜெபா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஆசானிடம் சொல்வதை இப்படி எழுதலாம்:

"அவிய எல்லாரும் ஒண்ணா காலு வைக்காவ, ஆசானே. ஒருத்தர் முகத்தையும் ஒருத்தர் பாக்கல்ல."

"பொறவு யாரு கால எதிராளி பாப்பான்?"

"யாரையும் பாக்க முடியாது. வெடிச் சத்தம் மட்டும்தான்."

"அப்ப நீ என்ன மக்களே செஞ்சா?"

"ஓடினேன்."

ஓடியதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு காலத்திலும் அவளுடைய அடிமுறை எங்கே செல்லுபடியாகவில்லை என்பதுதான் அந்த அத்தியாயத்தின் உயிர்.

இரண்டாவது பயணத்துக்குப் புதுக்கடை பக்கத்துப் பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட செப்பேடு, அங்கே கோயில் கட்டியதையும் காந்தளூரை மாதிரியாக வைத்து 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, சாலை என்கிற கல்விக்கூடம் அமைத்ததையும் சொல்கிறது. நம் ஊர்க்காரர்கள் இதைப் போர்ப் பள்ளிக்கூடம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். செப்பேடு அந்த 95 இடங்களையும் வேதக் கிளைகளின்படிதான் பிரிக்கிறது. சாலைக்குப் பின்னால் ஒருவன் ஜெபாவுக்குக் கோல் சொல்லிக்கொடுத்தான் என்று நீங்கள் எழுதலாம், தாராளமாக எழுதுங்கள். அது உங்கள் கற்பனை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்காக ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆதாரம் உள்ளது, வலப்பக்கம் நான் சேர்த்தது என்று எழுதிக்கொண்டே போங்கள். வலப்பக்கம் நிறைந்தால் பயமில்லை. இடப்பக்கம் காலியாக இருந்தால்தான் அந்த அத்தியாயம் இன்னும் தயாராகவில்லை.

சீனாவுக்கு வருவோம். இங்கேதான் எனக்குப் பிள்ளைகளோடு பெரிய வாக்குவாதம். போதிதருமர் இங்கிருந்து போய் ஷாவ்லினில் சண்டை கற்றுக்கொடுத்தார், எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று எழுதுகிறார்கள். அவரைப் பாரசீகர் என்கிற பழைய சீனக் குறிப்பும் உண்டு, தென்னிந்தியர் என்கிறதும் உண்டு. ஷாவ்லின் மடம் 495இல் தொடங்கியது. அதன் முதல் தலைவரான பத்ரா என்பவர் இந்தியத் துறவி. ஆனால் போதிதருமரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போடும் நூல் 1624இல்தான் வருகிறது. ஆகவே ஜெபாவை 1553க்கு அனுப்புங்கள். கடற்கொள்ளையரை எதிர்த்து ஷாவ்லின் துறவிகள் போரிட்ட வருடம் அது. அந்தக் காலத்தில் அவர்களுடைய பெயர் கோலுக்குத்தான், வெறுங்கைக்கு அல்ல. கையில் நெடுவடியோடு போகிறவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

"இந்தக் கோலை உங்களுக்குத் தந்தது போதிதருமரா?" என்று அவள் கேட்கட்டும். அவர்கள் வேறொருவரைச் சொல்வார்கள். மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்த ஒருவர் அடுப்பில் தீ தள்ளும் கோலை எடுத்துக்கொண்டு மலைபோல வளர்ந்து கலகக்காரர்களை விரட்டினார், அவர் கின்னரர்கள் என்கிற தேவகணத்தின் அரசர் என்பது ஷாவ்லினின் சொந்தக் கதை.  கின்னரரை ஜெபாவுக்கும் தெரியும், அவள் பாட்டி சொன்ன கதைகளில் வருவார். அந்தப் பெயர் புத்தர் கதைகளோடு எத்தனை நாடு நடந்து அந்தச் சமையற்கட்டுக்கு வந்திருக்கும்! நாம்தான் கொடுத்தோம் என்று மார்தட்டுவதைவிட இது எனக்குப் பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது. இந்த அத்தியாயத்துக்கு நிறையப் பக்கம் ஒதுக்குங்கள். அவளுக்கு மொழி தெரியாது, கோல் மட்டும்தான் பேச முடியும். அவள் கோலை எங்கே பிடிக்கிறாள், அவர்கள் எங்கே பிடிக்கிறார்கள், இரண்டும் மோதும்போது உள்ளங்கையில் என்ன அதிர்கிறது என்பதை எழுதினாலே பத்துப் பக்கம் வரும்.

ஜப்பானுக்கு அனுப்பினால் உடையில் கவனம். கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலின் 12 பாய்கள் விரித்த இடத்தில்தான் ஜூடோவைத் தொடங்கினார். அப்போது அங்கே கறுப்பு பெல்ட் கிடையாது. ஒக்கினாவாவிலிருந்து ஃபுனகோஷி வந்து டோக்கியோவில் கராத்தே செய்து காட்டியது 1922இல். வெள்ளை உடையும் பெல்ட்டும் ஜூடோவிடமிருந்து கராத்தேக்கு வந்தவை. 1850இல் ஒரு ஒக்கினாவா ஆசான் கறுப்பு பெல்ட் கட்டி நின்றால் விவரம் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். பிரேசிலுக்குப் போனால் 1890க்குப் பிறகு போகட்டும்; அந்த ஊர்ச் சண்டைக்கலையான கப்பொயெய்ரா ஆடினாலே தண்டனை என்று சட்டம் வந்த காலம், ஒளிந்து ஆடுகிறவர்களை அவள் சந்திக்கலாம்.

சண்டையை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களிடம் புறநானூற்று 80ஆம் பாட்டை எடுத்து வாசிக்கச் சொல்வேன். சாத்தந்தையார் பாடியது. ஆமூர் மல்லனோடு பெருநற்கிள்ளி மோதுகிறான். ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் முதுகில். அடி எண்ணிக்கை கிடையாது, பறப்பது கிடையாது, இரண்டு காலும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரிகிறது. இதற்கு நடுவே புலவர், 'இதை அவன் அப்பன் தித்தன் பார்க்க வேண்டும், அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி' என்கிறார். மகனுக்கும் அப்பனுக்கும் உள்ள பிணக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. உங்கள் சண்டைகளிலும் கால் எங்கே என்பதும், யார் பார்க்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்பதும் இருக்கட்டும். மற்றதை வாசிப்பவர் சேர்த்துக்கொள்வார்.

பேச்சில் ஒரு விஷயம். ஜெபா தக்கலைக்காரி என்றால் கடைசிவரை தக்கலைப் பேச்சுதான் பேச வேண்டும். ஆசானை 'ஆசானே' என்று கூப்பிடுகிறவள் நாலு பயணத்துக்குப் பிறகு 'மாஸ்டர்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எழுதி முடித்ததும் களரிக்கு எடுத்துப் போங்கள். ஒருவர் சண்டைப் பகுதியைச் சத்தமாக வாசிக்கட்டும், இரண்டு பேர் அதை அப்படியே மெதுவாகச் செய்து பார்க்கட்டும். "இப்ப என் வலது கை எங்க இருக்கு?" என்று எந்த இடத்தில் கேட்கிறார்களோ அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அன்று ராத்திரியே திருத்திவிடுங்கள்.