சிறுகுடல் பாக்டீரியா: பெருங்குடல் கணக்கை இங்கே போடாதீர்கள்

குடலில் நல்ல பாக்டீரியா எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு ஆரோக்கியம் என்று பலர் நம்புகிறார்கள். பெருங்குடலுக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கணக்கைச் சிறுகுடலுக்கும் போடுவதே அடிப்படைத் தவறு. பெருங்குடலில் ஒரு கிராமுக்குச் சுமார் 10,000 கோடி பாக்டீரியா வாழ்கின்றன. சிறுகுடலின் தொடக்கத்திலோ ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம்தான். கடைசிப் பகுதியை நெருங்கும்போதுதான் அது கோடியைத் தொடும். சத்துகளை உறிஞ்சும் இடத்தில் கூட்டம் கூடினால், உடலுக்குச் சேர வேண்டியதில் பாக்டீரியா பங்கு கேட்கத் தொடங்கிவிடும்.

இந்த எண்ணிக்கையை உடலே கட்டுக்குள் வைக்கிறது. இரைப்பை அமிலமும் பித்தநீரும் பெரும்பாலான கிருமிகளை அழிக்க, வயிறு காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை எழும் தசை அலையொன்று, மிஞ்சிய உணவுத் துணுக்குகளையும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கீழ்நோக்கித் தள்ளிச் செல்கிறது. ஏதாவது சாப்பிட்டதும் அந்த அலை நின்றுவிடும். இடைவிடாமல் கொறிப்பதால் மட்டுமே நோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் குடலுக்கு இந்த ஓய்வைத் தராமலிருப்பது நல்ல பழக்கமல்ல. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவரிடம் மறுபடி கேட்காமலே மாதக்கணக்கில் விழுங்குவது அதைவிடப் பெரிய தவறு. அதற்காக, தேவைப்பட்டு எழுதித் தரப்பட்ட மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் சரியன்று.

பாக்டீரியா மிகுந்துவிட்டால் வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகியவை தோன்றலாம். வெறும் வாயுத் தொல்லை என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறோம். உள்ளே நடப்பது வேறு: பாக்டீரியா பித்த உப்புகளைச் சிதைப்பதால் கொழுப்பு சரியாகச் செரிப்பதில்லை, வைட்டமின் பி12-ஐத் தாமே எடுத்துக்கொள்கின்றன, ஃபோலேட் என்னும் இன்னொரு பி வைட்டமினையோ உற்பத்தி செய்கின்றன. ஆகவே, இரத்தப் பரிசோதனையில் பி12 குறைந்தும் ஃபோலேட் உயர்ந்தும் இருந்தால், காரணத்தைத் தேடாமல் பி12 மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது.

மலப் பரிசோதனையில் சிறுகுடலின் நிலை தெரிந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. அது பெரும்பாலும் பெருங்குடலையே காட்டும். சிறுகுடலுக்கென மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. குளுக்கோஸ் அல்லது லாக்டுலோஸ் (உடல் உறிஞ்சாத ஒரு சர்க்கரை) கரைசலைக் குடித்தபின் குறிப்பிட்ட இடைவெளிகளில் மூச்சுக்காற்றைச் சேகரித்து, அதிலுள்ள ஹைட்ரஜனை அளக்கிறார்கள். மனித உயிரணுக்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை, சர்க்கரையை நொதிக்கவைக்கும் குடல் பாக்டீரியாவே உண்டாக்குகின்றன என்பதே இதன் அடிப்படை. 90 நிமிடங்களுக்குள் அளவு பத்து லட்சத்தில் 20 பங்காவது உயர்ந்தால் பாக்டீரியா மிகுதி என்று ஐயுறுகிறார்கள். ஆனால் சிலருக்கு லாக்டுலோஸ் விரைவாகப் பெருங்குடலை அடைந்துவிடும். அப்போது அங்குள்ள பாக்டீரியாவின் வாயுவே மூச்சில் வந்து முடிவைத் திசைதிருப்பும். முந்தைய நாளின் உணவும், அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக்கும்கூட முடிவை மாற்றிவிடும் என்பதால், பரிசோதனைக்கு முன் சொல்லப்படும் கட்டுப்பாடுகளை அலட்சியப்படுத்த வேண்டாம்.

உப்புசம் என்றதும் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையை வாங்குவதும், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை விழுங்குவதும் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. முதலாவது எல்லோருக்கும் பலன் தருவதில்லை. இரண்டாவது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கால் தொல்லை அடங்கினாலும், நீரிழிவால் குடல் நரம்புகள் தளர்ந்திருப்பது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடலில் தேக்கம் உண்டாவது போன்ற மூல காரணங்கள் அப்படியே இருந்தால், சில மாதங்களில் அதே உப்புசம் திரும்பி வரக்கூடும்.