கவுன்சிலின் செயல்திறன் அறிக்கையையும் சமத்துவ அறிக்கையையும் சேர்த்து வாசிப்பது எப்படி? ஸ்காட்லாந்தில் வசிப்போருக்கான செய்முறை விளக்கம்

ஸ்காட்லாந்தில் 32 கவுன்சில்கள் உள்ளன. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குப்பை அகற்றுதல், சாலை, நூலகம் என்று நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி அவற்றின் கையில் இருக்கிறது. அவை தாம் செய்த வேலையைப் பற்றி மக்களுக்கு இரண்டு வகை அறிக்கைகளில் கணக்குச் சொல்கின்றன. சேவைகள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு செலவில், எவ்வளவு தரமாக நடந்தன என்பதைச் செயல்திறன் அறிக்கை சொல்கிறது. அந்தச் சேவைகளிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாட்டைக் களைய என்ன செய்யப்பட்டது என்பதைச் சமத்துவ அறிக்கை சொல்கிறது. இவை வெவ்வேறு காலங்களில் வெளியாவதால் ஒன்றை வாசிப்பவர் மற்றதைத் தேடுவதில்லை. நான் சில ஆண்டுகளாக அக்கம்பக்கத்தவருக்காக இவற்றை வாசித்து விளக்கி வருகிறேன். ஒன்றை மட்டும் வாசித்தவருக்குச் சராசரி மனிதர் எப்படி நடத்தப்பட்டார் என்பது தெரியும். தாம் எப்படி நடத்தப்பட்டோம் என்பது தெரியாமலே போகும். ஆகவே இரண்டையும் சேர்த்து வாசிக்கும் முறையைப் புதியவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஆவணங்களைத் திரட்டுங்கள்

உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் மூன்று ஆவணங்களைத் தேடுங்கள். முதலாவது ஆண்டுச் செயல்திறன் அறிக்கை. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து உள்ளாட்சிச் சட்டம் ‘பெஸ்ட் வேல்யூ’ என்ற கடமையைக் கவுன்சில்கள்மீது சுமத்தியது. தொடர்ந்து மேம்பட வேண்டும் என்பதும், மேம்பட்டதா இல்லையா என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதன் சாரம். இதை அக்கவுண்ட்ஸ் கமிஷன் என்ற அமைப்பு கண்காணிக்கிறது.

இரண்டாவது, ‘மெயின்ஸ்ட்ரீமிங் ரிப்போர்ட்’ என்ற பெயரில் வரும் சமத்துவ அறிக்கை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும், அதன்கீழ் ஸ்காட்லாந்துக்கென 2012இல் இயற்றப்பட்ட விதிகளும் இதைக் கட்டாயமாக்கின. முதல் அறிக்கை 2013 ஏப்ரல் 30க்குள் வெளிவர வேண்டியிருந்தது; அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. கவுன்சிலின் கல்விப் பிரிவும் உரிமம் வழங்கும் வாரியமும் சட்டத்தின் பார்வையில் தனித்தனி அமைப்புகள் என்றாலும், பெரும்பாலும் ஒரே ஆவணத்துக்குள் அவையும் அடங்கிவிடும்.

மூன்றாவது, கவுன்சில் எடுத்த முடிவுகளுக்கான சமத்துவத் தாக்க மதிப்பீடுகள், அதாவது ஒரு முடிவு யாரை எப்படிப் பாதிக்கும் என்று எழுதிவைக்கும் ஆவணங்கள். இவை பல இடங்களில், கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் குழுக் கூட்டங்களின் ஆவணங்களோடு இணைப்பாக இருக்கும் என்பதால், தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை தேவை.

படி 2: ஒப்பிடத் தகுந்த கவுன்சிலைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கவுன்சில்களின் எண்களையும் ஒரே இடத்தில் தரும் ஓர் ஒப்பீட்டு அமைப்பு உண்டு. ‘லோக்கல் கவர்ன்மென்ட் பெஞ்ச்மார்க்கிங் ஃபிரேம்வொர்க்’ என்பது அதன் பெயர். இம்ப்ரூவ்மென்ட் சர்வீஸ் என்ற நிறுவனம் அதை நடத்துகிறது. தீவுகளில் சிதறிக் கிடக்கும் ஓர்க்னியின் குப்பை அள்ளும் செலவைக் கிளாஸ்கோவின் செலவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அதனால் கவுன்சில்களை எட்டெட்டாகப் பிரித்து ‘ஃபேமிலி குரூப்’ என்று அமைத்திருக்கிறார்கள். கல்வி, பராமரிப்பு போன்றவற்றுக்கு வறுமையின் அளவை வைத்தும், சாலை, குப்பை போன்றவற்றுக்கு மக்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பதை வைத்தும் இந்தப் பிரிப்பு நடக்கிறது. உங்கள் கவுன்சில் எந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்த்து, அந்த எட்டுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 3: சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வாடகை வீடுகளில் பழுதுபார்க்கக் கோரி ஓர் ஆண்டில் 1,000 விண்ணப்பங்கள் வந்தன, அவற்றில் 900 குறித்த நாளுக்குள் முடிந்தன என்று வையுங்கள். அறிக்கையில் 90 சதவீதம் என்று பச்சை நிறத்தில் அச்சாகும். இனி அந்த ஆயிரத்தைப் பிரிப்போம். ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்தவர்கள் 900 பேர். அவர்களில் 846 பேருக்கு வேலை உரிய நாளில் முடிந்தது, அதாவது 94 சதவீதம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதிவு செய்தவர்கள் 100 பேர். அவர்களில் 54 பேருக்கு மட்டுமே முடிந்தது. கூட்டினால் அதே 900தான். அடுத்த ஆண்டும் அதே அளவில் விண்ணப்பங்கள் வந்து, முதல் பிரிவில் 873 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 47 பேருக்கும் முடிந்தால் மொத்தம் 92 சதவீதமாக உயர்கிறது. அறிக்கை முன்னேற்றம் என்று எழுதும். ஈரம் ஊறிய சுவரோடு காத்திருக்கும் அந்த நூறு குடும்பங்களில் கூடுதலாக ஏழு குடும்பங்கள் கைவிடப்பட்டதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

ஆகவே செயல்திறன் அறிக்கையில் உங்களுக்கு முக்கியமான மூன்று அல்லது நான்கு எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘யாருக்கு?’ என்று எழுதுங்கள். பிறகு சமத்துவ அறிக்கையில் அதே சேவை பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். சட்டம் பாதுகாக்கும் ஒன்பது பண்புகளை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது: வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணமும் சிவில் பங்காண்மையும், கர்ப்பமும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பால், பாலீர்ப்பு. மொழி இந்தப் பட்டியலில் தனியாக இல்லை என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் இனம் என்ற சொல்லுக்குள் நிறம், தேசிய இனம், பூர்வீகம் ஆகியவற்றைச் சட்டம் அடக்குவதால், மொழியால் ஏற்படும் தடை பல வேளைகளில் அதன்வழியாகக் கேள்விக்கு உட்படும். வறுமையும் இந்த ஒன்பதில் இல்லை. அதற்கென 2018 ஏப்ரல் முதல் ‘ஃபேரர் ஸ்காட்லாந்து’ கடமை தனியாக நடைமுறையில் இருக்கிறது. பெரிய முடிவுகளை எடுக்கும்போது பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

அட்டவணைகளில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருக்கும். ஆட்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனிநபர் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்பதால் அப்படி மறைக்கிறார்கள். இது நியாயமான காரணம். ஆனால் ஓர் அட்டவணையில் இனம் என்ற வரிசை முழுவதும் நட்சத்திரமாக இருந்தால், ஒரே ஆண்டின் கணக்கைக் காட்டாமல் மூன்று ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துக் காட்டலாமே என்று கேட்பதும் நியாயம்தான். அதேபோல் ‘சொல்ல விரும்பவில்லை’, ‘தகவல் இல்லை’ என்ற இரண்டு கட்டங்களையும் தவறாமல் பாருங்கள். ஊழியர்களில் பாதிப் பேரின் விவரம் அங்கே இருந்தால், மீதிப் பாதியை வைத்துச் சொல்லப்படும் எந்தச் சதவீதத்தையும் நம்பி முடிவுக்கு வர முடியாது.

படி 4: ஊதிய இடைவெளியையும் சம ஊதியத்தையும் குழப்பாதீர்கள்

குறைந்தது 20 பேர் பணிபுரியும் பொது அமைப்புகள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை வெளியிட வேண்டும் என்பது ஸ்காட்லாந்து விதி. மிகைநேர ஊதியத்தைக் கழித்துவிட்டு, ஆண்களின் சராசரி மணிநேர ஊதியத்துக்கும் பெண்களின் சராசரி மணிநேர ஊதியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். ஆண்களுக்கு 20 பவுண்டு, பெண்களுக்கு 18 பவுண்டு என்றால் இடைவெளி 10 சதவீதம். இந்த எண் ஒப்பீட்டு அமைப்பிலும் இடம்பெறுகிறது. அதிக ஊதியம் பெறும் 5 சதவீத ஊழியர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதும் அங்கே உண்டு.

ஆனால் இடைவெளி சிறியது என்பதால் ஊதியம் நியாயமானது என்று ஆகாது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது வேறு கேள்வி. 2018 அக்டோபரில் கிளாஸ்கோவில் 8,000க்கும் மேற்பட்ட பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வீட்டுக்கு வந்து முதியோரைக் கவனிப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பள்ளிச் சமையல்கூடப் பணியாளர்கள் போன்றோர், ஆண்கள் மிகுதியாக இருந்த பணிகளோடு ஒப்பிட்டுத் தமக்குக் குறைவாகத் தரப்பட்டதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அடுத்த ஆண்டுதான் உடன்பாடு வந்தது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இப்படியொரு வழக்கு கண்ணில் படாது. எனவே ஊதிய இடைவெளியின் எண்ணோடு நிறுத்திவிடாமல், எந்த வேலைகளில் பெண்கள் குவிந்திருக்கிறார்கள், எந்த வேலைகளில் ஆண்கள் குவிந்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் கவுன்சில் வெளியிடும் சம ஊதிய அறிவிப்பில் தேடிப் படியுங்கள்.

படி 5: சமத்துவ இலக்குகளைச் சோதியுங்கள்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கவுன்சில் ‘ஈக்வாலிட்டி அவுட்கம்ஸ்’ எனப்படும் இலக்குகளை வெளியிட வேண்டும். இடையில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ‘எல்லோரையும் உள்ளடக்கும் சூழலை வளர்ப்போம்’ என்பது இலக்கு அன்று, விருப்பம். யாருடைய நிலை, எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எந்த ஆண்டுக்குள் மாறும் என்று மூன்றையும் சொன்னால்தான் அது இலக்கு. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்து, சத்தமில்லாமல் காணாமற்போன இலக்கு எது என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு: திருமணமும் சிவில் பங்காண்மையும் தவிர்த்த மற்ற எட்டுப் பண்புகளில் ஏதேனும் ஒன்றைப் பற்றி இலக்கு எதுவும் வைக்கவில்லை என்றால், ஏன் வைக்கவில்லை என்ற காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்தக் காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 6: தாக்க மதிப்பீட்டின் தேதியைப் பாருங்கள்

நூலகத்தின் நேரத்தைக் குறைப்பது, பேருந்து மானியத்தை நிறுத்துவது போன்ற முடிவுகளுக்கு முன் அது யாரை எப்படிப் பாதிக்கும் என்று கவுன்சில் மதிப்பிட வேண்டும். இந்தச் சிந்தனை முடிவெடுக்கும் முன்பும் எடுக்கும்போதும் நடக்க வேண்டுமே தவிர, எடுத்த முடிவுக்குப் பின்னால் காரணம் தேடுவதாக இருக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. ஆகவே மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள கையொப்பத் தேதியையும், குழு முடிவெடுத்த கூட்டத்தின் தேதியையும் ஒப்பிடுங்கள். ஒரு நூலகத்தின் நேரக் குறைப்புப் பற்றி நான் வாசித்த ஓர் ஆவணத்தில் கூட்டம் நடந்து ஒன்பது நாள் கழித்து மதிப்பீடு கையொப்பமாகி இருந்தது. அதில் ‘பாதிப்பு இல்லை’ என்ற சொற்கள் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மாதிரி நிரப்பப்பட்டிருந்தன. அந்த நூலகத்துக்கு மாலையில் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்த தாய்மார்களை யாரும் கேட்கவில்லை என்பது அந்தத் தாளிலிருந்தே தெரிந்தது. யாரிடம் கருத்துக் கேட்டார்கள், அவர்கள் சொன்னதால் எந்த வரி மாறியது என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.

படி 7: எழுதிக் கேளுங்கள்

பிரித்த எண்கள் கிடைக்காவிட்டால், 2002ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் மின்னஞ்சலில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் போதாவிட்டாலோ கவுன்சிலிடமே மறுபரிசீலனை கோரலாம், அதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் ஸ்காட்லாந்து தகவல் ஆணையரிடம் முறையிடலாம். கேள்வி குறுகலாக இருக்கட்டும். ‘சமத்துவம் பற்றிய எல்லாத் தகவல்களும் வேண்டும்’ என்று கேட்டால், அளவு கடந்த வேலை என்று மறுக்க வழி கிடைத்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

“கடந்த மூன்று நிதியாண்டுகளில் வந்த பழுதுபார்ப்பு விண்ணப்பங்களில், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதிவானவை எத்தனை, அவற்றில் குறித்த நாளுக்குள் முடிந்தவை எத்தனை என்பதை ஆண்டுவாரியாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பிரிவின்படி பதிவு வைக்கப்படவில்லை என்றால், அதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதிவே இல்லை என்று ஒரு பதில் வந்தால், அதை உங்கள் வார்டு கவுன்சிலருக்கு அனுப்பி, அடுத்த சமத்துவ அறிக்கை வெளிவருவதற்குள் இந்தப் பதிவைத் தொடங்க முடியுமா என்று குழுக் கூட்டத்தில் கேட்கச் சொல்லலாம். பதிலையும் நீங்கள் இறக்கிவைத்த அறிக்கைகளையும் தேதியிட்டு ஒரே கோப்பில் வைத்திருங்கள்; இணையதளத்தில் பழைய பக்கங்கள் இடம் மாறுவது வழக்கம், இரண்டு ஆண்டுகள் கழித்து ஒப்பிடும்போது உங்கள் கையிலிருக்கும் பிரதிதான் உதவும்.