தொப்பியில் எழுத்து கோணாமல் விழ

எம்பிராய்டரி மெஷினில் போடும்போது சட்டைத் துணியில் அழகாக விழும் டிசைன் தொப்பியில் மட்டும் கோணினால், முதலில் தையல் வரிசையைப் பாருங்கள். இடமிருந்து வலமாக ஓடும் தையல் துணியைத் தள்ளிக்கொண்டே போய், கடைசி எழுத்தருகே சுருக்கம் விடும். நடு எழுத்தில் தொடங்கி இரு பக்கமும், கீழிருந்து மேலாகத் தைக்கும்படி மாற்றினேன். எழுத்தைச் சுற்றி ஓடும் அவுட்லைன் இடம் விலகுவது குறைந்தது.

ஃபிரேமில் மாட்டும்போது உள்ளிருக்கும் வியர்வைப் பட்டையை வெளியே மடித்து, தைத்தபின் கிழித்தெடுக்கும் பேக்கிங் (துணிக்கு அடியில் வைக்கும் தாங்கு தாள்) வைத்து இறுக்க வேண்டும். விரலால் தட்டினால் துணி துள்ளக் கூடாது. துள்ளினால் தையல் விடுபடும், நூல் அறும், ஊசியும் ஒடியும். தொப்பியின் நடுவில் ஓடும் மூட்டுத் தையலின் தடிமனில் ஊசி வழுக்கினால் 80/12 அளவு கூர்முனை ஊசி, நிமிடத்துக்கு 600 தையல் வேகம். அதற்கு மேல் அவசரப்பட்டு லாபமில்லை. முன்விளிம்பிலிருந்து 12 மி.மீ. விட்டே தொடங்குங்கள், விளிம்பருகே துணி மெஷினின் ஊசித் தட்டில் படியாது.